கோத்தகிரிக் குளிரில் ஸ்பேஸ் ராக் வாசிப்பது எப்படி?

[காட்சி: மாலை ஐந்து மணி. தேயிலைச் சரிவுக்கு நடுவே ஒரு புல்வெளி. நீளமான மேஜையில் சிந்தசைஸர், டிரம் மெஷின், பெடல்கள். பின்னால் மூடுபனி ஏறி வருகிறது.]

[ஒலி: தாழ்ந்த ஒற்றைச் சுரம். நிற்காமல் நீள்கிறது.]

வணக்கம். முதலில் இந்த ஒலியை ஒரு நிமிடம் கேளுங்கள். முடிந்தால் ஹெட்போனில் கேளுங்கள்.

ஒரே சுரம்தான். நான் விசையை அழுத்தி வைத்திருக்கிறேன், அவ்வளவுதான். இப்போது வலது கையால், ஒலியின் நிறத்தை மாற்றும் ஃபில்டர் நாபை (திருகை) மிக மெதுவாகத் திருப்புகிறேன். சுரம் அதே இடத்தில் நிற்கிறது. ஆனால் அதற்குள்ளிருந்து வேறு வேறு ஒலிகள் ஒவ்வொன்றாக மேலே வருகின்றன, இல்லையா? இந்த ஒரு திருப்பத்துக்கு நான் எடுத்துக்கொண்ட நேரம் நாற்பது விநாடி.

ஸ்பேஸ் ராக் என்பது நீண்டு மிதக்கும் ஒலிகளால் ஆன ஒரு வகை ராக் இசை. அதில் எனக்கு உயிராக இருப்பது இதுதான். கோத்தகிரி பக்கம் ஒரு சின்ன வார இறுதி இசைவிழாவில் நானும் என் நண்பனும் இதை நாற்பது நிமிடம் நேரலையாக வாசித்தோம். அவன் கிட்டார், நான் சிந்தசைஸர், அதாவது மின்சுற்றால் ஒலி எழுப்பும் கருவி. அந்த ஒரு நாளை வைத்தே இதை விளக்குகிறேன்.

[காட்சி: பழைய லண்டன் அரங்கின் ஓவியம். சுவரில் நகரும் எண்ணெய் விளக்கின் நிறங்கள்.]

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1960களின் பிற்பாதியில் லண்டனில் பிங்க் ஃப்ளாய்ட் போன்ற ராக் குழுவினர் பாட்டின் நடுவில் நீண்ட, வடிவம் கலைந்த பகுதிகளை வாசிக்கத் தொடங்கினார்கள். 1969-இல் ஹாக்விண்ட் என்ற குழு வந்தது. அதில் ஒருவருடைய வேலையே ஆடியோ ஜெனரேட்டரை எக்கோ இயந்திரத்துடன் இணைத்து ஓலங்களையும் சுழல்களையும் எழுப்புவதுதான். சில ஆண்டுகள் கழித்துப் பெர்லினில் டாஞ்சரின் ட்ரீம் குழு, சுரவரிசையைத் தானாக வாசிக்கும் சீக்குவென்சர் என்ற கருவியைக் கையில் எடுத்தது. திரும்பத் திரும்ப வரும் ஒரு சுரவரிசை, அதன் மேல் மெல்ல நகரும் ஒலிப்படலம். இன்று மேஜை மேல் பெட்டிகளை அடுக்கி வாசிக்கும் பலருக்கும் இந்த இரண்டு கிளைகளும்தான் வேர்.

[காட்சி: மைக்செட் லாரி. ஸ்பீக்கர்களை இறக்குகிறார்கள்.]

சவுண்ட் செக் நடந்தபோது மைக்செட் அண்ணன் பத்து நிமிடம் பொறுமையாகக் கேட்டார். அப்புறம் பக்கத்தில் வந்து, "தம்பி, இதுல பாட்டு எப்ப வரும்?" என்றார்.

"பாட்டு வராதுண்ணா. இந்தச் சுரம் அடியில நின்னுக்கிட்டே இருக்கும். அதுக்கு மேலதான் எல்லாம்."

கொஞ்சம் யோசித்தார். "நாயனக் கச்சேரியில ஒத்து ஊதுற மாதிரியா?"

அதேதான். இதைவிடச் சரியான விளக்கத்தை நான் எங்கும் கேட்டதில்லை. நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் ஒத்து ஊதுகிறவர் ஒரே சுருதியை விடாமல் பிடித்திருப்பார். தம்புராவும் சுருதிப்பெட்டியும் செய்கிற வேலையும் அதுதான். ஆதார சுருதி நம் காதுக்குப் புதிதே கிடையாது. நம் கச்சேரிகளில் அது பின்னால் உட்கார்ந்திருக்கும். இந்த இசையில் அதை முன்னால் கொண்டுவந்து நிறுத்துகிறோம், அதன் நிறத்தை மாற்றிக்கொண்டே இருக்கிறோம். அந்த அண்ணன் அதற்குப் பிறகு ஒலியளவை வைத்த விதமே வேறு. அடிச்சுரத்தைக் கிட்டாருக்குக் கீழே புதைக்கவில்லை.

[காட்சி: முத்தோரை பாலாடா. மலைச்சரிவில் வரிசையாக நிற்கும் பரவளையச் சட்டங்கள்.]

சரி, தாளத்தை எங்கிருந்து எடுத்தோம்? அதற்கு ஊட்டிக்குப் போக வேண்டும்.

முத்தோரை பாலாடா பக்கம் போனவர்கள் இதைப் பார்த்திருப்பீர்கள். ஊட்டி ரேடியோ தொலைநோக்கி. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்துக்காக விஞ்ஞானி கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் கட்டப்பட்டு 1970-இல் செயல்பாட்டுக்கு வந்தது. 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம். மலைச்சரிவில் வடக்கு தெற்காகப் படுத்திருக்கிறது. அந்தச் சரிவைத் தேடிப்பிடித்துத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். சரிவின் சாய்வு சுமார் 11 டிகிரி. அந்த இடத்தின் அட்சரேகையும் சுமார் 11 டிகிரி. அதனால் தொலைநோக்கியின் நீள அச்சு பூமியின் சுழல் அச்சுக்கு இணையாக அமைந்துவிடுகிறது. பூமி சுற்றச் சுற்ற, தொலைநோக்கியை அந்த ஒரே அச்சில் மெதுவாகத் திருப்பினால் போதும். ஒரு விண்பொருளை ஒன்பது மணி நேரத்துக்கும் மேலாகப் பின்தொடரலாம்.

ஒரே அச்சு, ஒரே மெதுவான திருப்பம். இதைப் படித்த நாளிலிருந்து என் ஃபில்டர் நாபைத் தொடும்போதெல்லாம் அந்தச் சரிவு நினைவுக்கு வருகிறது.

இந்தத் தொலைநோக்கி கவனிக்கும் பொருட்களில் பல்சார்களும் உண்டு. பல்சார் என்பது வேகமாகச் சுழலும் நியூட்ரான் விண்மீன். கலங்கரை விளக்கம் போல, ஒவ்வொரு சுற்றுக்கும் அதன் ரேடியோ கதிர் நம் பக்கம் ஒரு முறை வந்து போகும். 1967-இல் ஜோஸ்லின் பெல் முதன்முதலில் கண்ட பல்சாரின் துடிப்பு 1.337 விநாடிக்கு ஒரு முறை. பி0329+54 என்ற இன்னொரு பல்சார் 0.7145 விநாடிக்கு ஒரு முறை துடிக்கிறது. 60-ஐ 0.7145-ஆல் வகுத்துப் பாருங்கள். 84 வரும். நிமிடத்துக்கு 84 அடி. நிதானமாக நடக்கிற வேகம். எங்கள் நிகழ்ச்சியின் தாளம் இதுதான்.

[ஒலி: டிரம் மெஷினில் ஒற்றை அடி, 84 வேகத்தில்.]

[காட்சி: மேஜையை மேலிருந்து காட்டுதல். வயர்கள் ஒவ்வொன்றாக ஒளிர்கின்றன.]

மேஜையில் பொருட்கள் குறைவு. டிரம் மெஷின் ஒன்று, அதுதான் தலைவன். அதிலிருந்து, கருவிகளை ஒரே வேகத்தில் இணைக்கும் மிடி வயர் வழியாக ஒவ்வொரு அடிக்கும் 24 துடிப்புகள் சீக்குவென்சருக்குப் போகின்றன, அங்கிருந்து, ஒலியைத் தாமதித்துத் திருப்பித் தரும் டிலே பெடலுக்கு. எல்லாம் ஒரே கடிகாரத்தில் நடக்கும். அனலாக் சிந்தசைஸர் ஒன்று. நண்பனிடம் கிட்டார், வாசித்ததைத் திரும்பத் திரும்ப ஓடவிடும் லூப்பர், அரங்க எதிரொலி சேர்க்கும் ரிவெர்ப். லேப்டாப்பைக் கொண்டுபோகவில்லை. அது தவறு என்பதற்காக இல்லை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் எதிரில் உட்கார்ந்திருக்கும் ஜனங்களை நான் பார்ப்பதில்லை.

முன்கூட்டியே பதிவு செய்த எதையும் ஓடவிடவில்லை. சீக்குவென்சரில் எட்டுச் சுரம் கொண்ட மூன்று வரிசைகள் மட்டும் இருந்தன. எது எப்போது வரும், எவ்வளவு நேரம் நிற்கும் என்பதெல்லாம் மேடையில் முடிவானவை.

இப்போது குளிர். இதைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும், ஏனென்றால் அங்கேதான் நாங்கள் தடுமாறினோம்.

[காட்சி: வெப்பமானி. மாலை வெயிலிலிருந்து இரவுக்கு.]

கோத்தகிரி ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மாலை நான்கு மணிக்கு வெயிலில் சிந்தசைஸரைச் சுருதி சேர்த்தேன். கச்சிதமாக இருந்தது. ஏழரை மணிக்கு மேடையேறினால் கிட்டாரும் சிந்தசைஸரும் ஒட்டவே இல்லை. இரண்டு ஒலிகளும் ஒன்றோடொன்று உரசி அலை அலையாக அடித்தன. முதல் இரண்டு நிமிடம் எனக்குக் கை நடுங்கியது.

காரணம் எளிது. சிந்தசைஸரில் சுரத்தை எழுப்பும் பாகமான அனலாக் ஆசிலேட்டரில் சுரத்தின் உயரத்தைத் தீர்மானிப்பது டிரான்சிஸ்டர்கள் உள்ள ஒரு சின்ன சர்க்யூட். அந்த டிரான்சிஸ்டரின் நடத்தை வெப்பநிலையோடு சேர்ந்து மாறும். நல்ல கருவிகளில் இதற்கு ஈடுகட்டும் பாகம் இருக்கும். ஆனால் வெயிலிலிருந்து பத்துப் பன்னிரண்டு டிகிரி சரியும்போது அதுவும் முழுதாகத் தாங்காது. டாஞ்சரின் ட்ரீம் 1974-இல் வெளியிட்ட ஃபேட்ரா இசைத்தட்டின் முதல் பாட்டில் சீக்குவென்சரின் சுருதி மெல்ல விலகுவதைக் காதாலேயே கேட்கலாம். அவர்களுடைய மூக் (Moog) சிந்தசைஸரின் ஆசிலேட்டர்கள் வெப்பநிலை மாற்றத்தில் நகர்ந்ததால் வந்தது அது. அதை அழிக்காமல் அப்படியே வைத்துக்கொண்டார்கள்.

நாங்கள் என்ன செய்தோம்? கிட்டாரில் ஒரு கம்பியைத் தவிர மற்றதை நிறுத்தச் சொல்லி நண்பனுக்குக் கண் காட்டினேன். சிந்தசைஸரில் அடிச்சுரத்தை மட்டும் விட்டு, சுருதியை நுணுக்கமாகச் சரிசெய்யும் ஃபைன் ட்யூன் நாபை ஜனங்கள் முன்னாலேயே மெதுவாகத் திருப்பினேன். அவன் அந்த ஒரு கம்பியை மட்டும் மீட்டிக்கொண்டே இருந்தான். அந்த உரசல் வேகம் குறைந்து, குறைந்து, கடைசியில் நின்றது. முன் வரிசையில் கம்பளி போர்த்தி உட்கார்ந்திருந்த ஒரு பெண் அந்த நொடியில் நிமிர்ந்து பார்த்தார். இரண்டு சுரம் ஒன்றாகிற இடம் எல்லோருக்கும் கேட்கும், இசை படித்திருக்கத் தேவையில்லை.

நீங்கள் மலையில் வாசிப்பதாக இருந்தால், கருவியை மேடையேறும் முன் அரை மணி நேரமாவது அதே குளிரில், ஆன் செய்த நிலையில் வைத்திருங்கள். கடைசிச் சுருதியை அப்போது சேருங்கள். பெட்டியில் வைத்து மூடிவைத்தால் உள்ளே ஒரு வெப்பம், வெளியே ஒரு வெப்பம். எந்தப் பயனும் இல்லை.

[காட்சி: புல்வெளியின் எதிரே தேயிலைத் தொழிற்சாலையின் நீளச் சுவர்.]

அடுத்தது எதிரொலி. மேடைக்கு எதிரே ஏறக்குறைய நூறு மீட்டரில் ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலைச் சுவர். கை தட்டினால் திரும்ப வரும். போனில் பதிவு செய்து இடைவெளியை அளந்தோம்: 0.59 விநாடி. பத்து டிகிரிக் குளிரில் ஒலி விநாடிக்கு 337 மீட்டர் போகும். போய்வர 200 மீட்டர். கணக்கு சரியாக வருகிறது. ஆனால் எங்கள் அடிக்கு அடி இடைவெளி 0.71 விநாடி. இரண்டும் ஒத்துப்போகாது. நடுவில் உட்கார்ந்தவர்களுக்குத் தாளம் இரண்டாகக் கேட்டது.

மைக்செட் அண்ணன்தான் ஸ்பீக்கர்களைச் சுவரிலிருந்து விலக்கி, சரிவைப் பார்த்துத் திருப்பி வைத்தார். தேயிலைச் செடி ஒலியைச் சிதறடித்து விழுங்கிவிடும், திருப்பி அனுப்பாது. பிரச்சினை பெரும்பாலும் தீர்ந்தது. ஆனால் எனக்கு அந்தச் சுவரை விட மனமில்லை. நடுப்பகுதியில் டிரம்மை முழுதாக நிறுத்தினோம். சீக்குவென்சரின் வேகத்தை 101-க்கு ஏற்றினோம். அந்த வேகத்தில் ஓர் அடியின் நீளம் 0.59 விநாடி. ஒரு ஸ்பீக்கரை மட்டும் சுவரைப் பார்த்துத் திருப்பி, கிட்டாரில் ஒரே ஒரு சுரம். அது போய்ச் சுவரில் பட்டு, சரியாக அடுத்த அடியில் வந்து விழுந்தது. டிலே பெடலை அணைத்துவிட்டோம். அந்த நான்கு நிமிடத்துக்காகவே இன்னொரு முறை அங்கே போவேன்.

[காட்சி: ஜெனரேட்டர். ஈரப் புல்லில் வயர்கள்.]

மின்சாரத்தைப் பற்றி ஒன்று மட்டும், ஆனால் உயிர் சம்பந்தப்பட்டது. ஜெனரேட்டரில் ஓடும்போது ஸ்பீக்கரில் 50 ஹெர்ட்ஸ் ஓலம் கேட்கலாம். எர்த் பின்னை எடுத்துவிட்டால் ஓலம் நின்றுவிடும் என்று யாராவது சொல்வார்கள். செய்யாதீர்கள். பனியில் நனைந்த புல்லில் நின்று, கிட்டார் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மைக்கில் வாயை வைக்கிறோம். கருவியை மிக்ஸரோடு இணைக்கும் டிஐ பாக்ஸில், ஒலி வயரின் எர்த் இணைப்பை மட்டும் துண்டிக்கும் கிரவுண்ட் லிஃப்ட் உள்ளதைப் பயன்படுத்துங்கள், எல்லாக் கருவிகளுக்கும் ஒரே இடத்திலிருந்து மின்சாரம் எடுங்கள். மின்கசிவு வந்தால் உடனே மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி இல்லாத போர்டில் வாசிக்க மாட்டேன் என்று சொல்லுங்கள். நாங்கள் சொன்னோம், அமைப்பாளர்கள் கொண்டுவந்து மாட்டினார்கள்.

[காட்சி: இருட்டு. பள்ளத்தாக்கில் லைன் வீடுகளின் விளக்குகள்.]

இருட்டிய பிறகு மலையில் ஒலி வேறு மாதிரி நடந்துகொள்ளும். பகலில் தரை சூடு, மேலே குளிர். ஒலி மேல்நோக்கி வளைந்து போய்விடும். தெளிந்த இரவில் குளிர்ந்த காற்று பள்ளத்தில் தேங்கும், அதற்கு மேலே சற்று வெதுவெதுப்பான காற்று நிற்கும். அப்போது ஒலி கீழ்நோக்கி வளையும். மதியம் வேலியோடு நின்ற பேஸ் ஒலி, இரவில் பள்ளத்தாக்கில் உள்ள தோட்டத் தொழிலாளர்களின் லைன் வீடுகள் வரை இறங்கிவிடும். அங்கே விடிகாலையில் எழுந்து வேலைக்குப் போகிறவர்கள் தூங்குகிறார்கள். காட்டெருமைகள் மேயும் சோலையும் பக்கத்தில்தான். அதனால் 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை மிக்ஸரிலேயே வெட்டினோம். எட்டு மணிக்கு நண்பனின் தம்பி கீழே நடந்துபோய் நின்று கேட்டு, போனில் சொன்னான், இன்னும் கொஞ்சம் இறக்கினோம். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதி. இருட்டிய பிறகும் பாதி ஒலியில் வாசித்தாலே இந்த இசை கேட்கும் என்பது அன்று தெரிந்தது. சுற்றிலும் அவ்வளவு அமைதி.

[ஒலி: 84 வேகம் திரும்புகிறது. அடிச்சுரம் மட்டும் மெல்ல மங்குகிறது.]

கடைசி ஆறு நிமிடம் நாங்கள் எதையும் சேர்க்கவில்லை. ஒவ்வொன்றாக எடுத்தோம். முதலில் கிட்டார் லூப், அப்புறம் சீக்குவென்சர், அப்புறம் டிரம். மிஞ்சியது முதலில் நீங்கள் கேட்ட அந்த ஒற்றைச் சுரம். ஃபில்டரை மூடிக்கொண்டே வந்தேன். எந்த நொடியில் அது நின்றது என்று என் கைக்கே தெரியவில்லை. கைதட்டல் கொஞ்சம் தாமதமாகத்தான் வந்தது, அவர்களும் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

[காட்சி: டார்ச் வெளிச்சத்தில் கருவிகளைத் துணியால் துடைத்துப் பெட்டியில் வைக்கிறார்கள்.]

கருவிகளை மேஜையிலேயே துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு பெட்டியில் மூடினோம். தங்கிய அறையில் கணப்பு எரிந்துகொண்டிருந்தது. குளிர்ந்த கருவியை அந்த வெப்பத்தில் திறந்தால் உள்ளே இருக்கும் சர்க்யூட் மேலேயே நீர் பூக்கும். அதனால் பெட்டிகளைக் கதவோரம் வைத்துவிட்டுத் தூங்கினோம். மறுநாள் காலை பத்து மணிக்குத்தான் திறந்தோம்.