தலைவரைக் கொன்றால் தீருமா?

விழாத் தலைவர் ஐயா அவர்களே, முன்வரிசையில் வீற்றிருக்கும் குருக்கள் ஐயா, பாதர், மௌலவி அவர்களே, அதிபர்மாரே, சட்டத்தரணிகளே, இந்த வெயிலில் மூதூரிலிருந்தும் நிலாவெளியிலிருந்தும் பஸ் பிடித்து திருகோணமலைக்கு வந்திருக்கும் அம்மாமாரே, மாணவர்களே, எல்லோருக்கும் வணக்கம். இடம் தந்த வாசிகசாலைக்காரருக்கும் நன்றி.

ஆயுதக் குழுவின் தலைவரைக் கொன்றால் என்ன ஆகும், உயிரோடு பிடித்தால் என்ன ஆகும், இளைஞனை ஆயுதத்தின் பக்கம் தள்ளும் அநியாயத்தை என்ன செய்வது என்று மூன்று விடயம் பேச வந்தேன்.

1992 பெப்ரவரியில் லெபனானின் ஆயுத இயக்கமான ஹிஸ்புல்லாவின் தலைவர் அப்பாஸ் அல் முசாவியை இஸ்ரேல் கொன்றது. அடுத்து வந்த நஸ்ரல்லா 2024 வரை இருந்தார். இயக்கம் பல மடங்கு பெருத்தது. தும்பை விட்டு வாலைப் பிடித்தால் இதுதான் நடக்கும்.

அதே 1992இல் பெரு நாட்டில் நடந்ததைக் கேளுங்கள். 'ஒளிரும் பாதை' என்ற ஆயுத இயக்கத்தின் தலைவர் குஸ்மானைப் பன்னிரண்டு வருடமாகத் தேடுகிறார்கள். இராணுவம் மலைக் கிராமங்களில் ஏழைகளைக் கொன்று குவிக்கிறது, ஆள் அகப்படவில்லை. ஒரு சிறிய பொலிஸ் குழு என்ன செய்தது தெரியுமா? தலைநகர் லீமாவில் குப்பை பொறுக்கியது! கீழே ஒரு பெண் நடனம் சொல்லிக்கொடுக்கும் வீடு. அந்த வீட்டுக்குக் குப்பை கூடுதல். கிளறிப் பார்த்தால் குஸ்மான் புகைக்கும் வகை சிகரெட் துண்டு, அவருடைய தோல் வருத்தத்துக்குப் பூசும் மருந்து. செப்டெம்பர் 12 இரவு உள்ளே போனார்கள். மாடியில் மனுசன் உட்கார்ந்திருக்கிறார். உயிரோடு பிடித்தார்கள். அடுத்த வருடம் சிறையிலிருந்தே சமாதானம் பேசுவோம் என்றார். இயக்கம் உடைந்து போனது.

நமது நாட்டில்? 1989 நவம்பரில், தெற்கில் ஆயுதக் கிளர்ச்சி நடத்திய ஜே.வி.பி.யின் (மக்கள் விடுதலை முன்னணி) தலைவர் ரோகண விஜேவீர பிடிபட்டார், கொல்லப்பட்டார். வழக்கு இல்லை, விசாரணை இல்லை. கிளர்ச்சி அடங்கியது உண்மை. ஆனால் ஊர் ஊராகக் காணாமல் போன பிள்ளைகளுக்கு யார் பதில் சொன்னது? அதே ஜே.வி.பி.யின் தலைவர் 2024இல் வாக்குப்பெட்டி வழியாக ஜனாதிபதியானார்.

அப்புறம், 1979இல் தற்காலிகம் என்று கொண்டுவந்த பயங்கரவாதத் தடைச் சட்டம். 1982இல் அதை நிரந்தரமாக்கினார்கள். பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த வாக்குமூலமே சாட்சி. நமது பிள்ளைகளும் அதில் போனார்கள், தெற்கின் பிள்ளைகளும் போனார்கள். இளைஞனை ஆயுதத்தின் பக்கம் தள்ளும் அநியாயத்தை அப்படியே வைத்துக்கொண்டு தலைவர்களை வேட்டையாடுவது தும்பை விட்டு வாலைப் பிடிப்பதுதான்! அந்தச் சட்டம் முழுதாகப் போக வேண்டும். வேறு பெயரில் திரும்பியும் வரக்கூடாது.

வாசல் மேசையில் மகஜர் இருக்கிறது. தமிழிலும் சிங்களத்திலும் அடித்திருக்கிறோம். கையெழுத்துப் போடாமல் யாரும் போக வேண்டாம்.