கயிறு, சுண்ணாம்பு, அப்புறம் தலைமைப் பண்பு

வணக்கம் மக்களே. கிராமத்துல இளைஞர் குழு நடத்துறவங்களுக்கும், புதுசா ஆரம்பிக்கப் போறவங்களுக்கும்தான் இந்த வீடியோ.

நேரா விஷயத்துக்கு வந்துடுறேன். ரெண்டு நாள் முகாம் போட்டு, மைக் பிடிச்சு, 'தலைவன்னா யாரு'ன்னு பேசினா சான்றிதழ் கிடைக்கும், குரூப் போட்டோ கிடைக்கும். தலைமைப் பண்பு வராது. ஒரு வேலை, அதுக்கான காசு, முடிக்க வேண்டிய தேதி, இந்த மூணும் நிஜமாவே பசங்க கையில இருந்தாத்தான் அது வரும்.

உலக சுகாதார நிறுவனம் 1990கள்லயே வாழ்க்கைத் திறன்னு பத்து திறனைப் பட்டியல் போட்டுச்சு. முடிவெடுக்கிறது, சிக்கலைத் தீர்க்கிறது, அடுத்தவங்க இடத்துல இருந்து யோசிக்கிறது, மன அழுத்தத்தைச் சமாளிக்கிறதுன்னு போகும். அதை சார்ட்ல எழுதிச் சுவத்துல ஒட்டுறதோட நிறைய பேர் நிறுத்திடுறாங்க. சார்ட்டை விடுங்க, வேலையைக் கொடுங்க.

முதல் வேலை சின்னதா இருக்கணும். ஆறு வாரத்துக்குள்ள முடியணும், முடிஞ்சதைக் கண்ணால பார்க்கணும். 'ஊரையே மாத்துவோம்'னு ஆரம்பிச்ச குழு மூணாவது கூட்டத்துலயே பாதியாயிடும். நான் சொல்ற முதல் வேலை, வாலிபால் கோர்ட் போடுறது. என்னடா, தலைமைன்னு கூப்பிட்டுட்டு கோடு போடச் சொல்றாங்களேன்னு நினைக்காதீங்க, பாருங்க.

கோர்ட் 18 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம். கோட்டோட அகலம் 5 சென்டிமீட்டர். சுத்துக்கோடு 54 மீட்டர், நடுக்கோடு 9, நடுக்கோட்டுக்கு ரெண்டு பக்கமும் போடுற அட்டாக் கோடு ரெண்டும் சேர்ந்து 18. ஆக 81 மீட்டர் கோடு. எவ்வளவு சுண்ணாம்பு வேணும்? முதல்ல 5 மீட்டர் போட்டுப் பார்த்து, எவ்வளவு செலவாச்சுன்னு அளந்து, பெருக்கிச் சொல்லணும். இந்தக் கணக்கைப் பசங்கதான் போடணும், நீங்க இல்ல.

சிக்கல் மூலையில வரும். கயிறு பிடிச்சு 18 இழுத்துடுவாங்க, 9 இழுத்துடுவாங்க, நாலு பக்கமும் சரியா இருக்கும். ஆனா தள்ளி நின்னு பார்த்தா கோர்ட் சாய்ஞ்சு கிடக்கும். ஏன்னா மூலை செங்கோணமா இல்ல. மூலைக்கு மூலை குறுக்கே பிடிக்கிற கயிறு ரெண்டும் 20.12 மீட்டர் இருந்தாத்தான் மூலை நேரா இருக்குன்னு அர்த்தம். இந்த எண்ணை நீங்க சொல்லிடாதீங்க! 'எப்படிச் சரி பார்க்கலாம்?'னு மட்டும் கேட்டுட்டு, மனசுக்குள்ள ஒண்ணுல இருந்து பத்து வரைக்கும் எண்ணுங்க. மூணுலயே வாய் துறுதுறுங்கும். அடக்குங்க. அதுவரைக்கும் வாயே திறக்காத ஒரு பொண்ணோ பையனோ கணக்குப் பாடத்துல படிச்ச முக்கோணத்தை ஞாபகப்படுத்திச் சொல்ற வாய்ப்பு, நீங்க சும்மா இருந்தாத்தான் வரும்.

அடுத்தது நெட் உயரம். ஆண்களுக்கு 2.43 மீட்டர், பெண்களுக்கு 2.24. கம்பத்துல ஒரே ஒரு கொக்கி அடிச்சீங்கன்னா, யார் விளையாடப் போறாங்கன்னு அங்கேயே முடிவாயிடுது. ரெண்டு உயரத்துக்கும் கொக்கி வைக்கணுமா, பெண்களுக்கு எந்த நேரம்னு அன்னைக்கே பேசிடணும். இருட்டினப்புறம் கூட்டம் வச்சுட்டு 'பொண்ணுங்க வரவே மாட்டேங்கிறாங்க'ன்னு புலம்புறதும் இதே கதைதான். அவங்க வராததுக்கு ஆர்வம் இல்லாதது காரணமில்ல, நீங்க வச்ச நேரம்தான் காரணம். அறுவடை நேரத்துல யாருமே வராததும் அப்படித்தான், காலண்டர் போடும்போதே அந்த வாரங்களை விட்டுடுங்க.

கூட்டம் ஒரு மணி நேரம் போதும், ஆள் 12ல இருந்து 20 வரைக்கும். அதுக்கு மேல போனா நாலு பேர் பேசுவாங்க, மிச்சப் பேர் போனைப் பார்ப்பாங்க. இந்த நோட்டைப் பாருங்க, பக்கத்துக்கு நாலு கட்டம்தான்: என்ன முடிவு, யார் பொறுப்பு, எந்தத் தேதிக்குள்ள, முடிஞ்சதா. 'யார் பொறுப்பு' கட்டத்துல 'எல்லாரும்'னு எழுதினா அந்த வேலை நடக்காது. ஒரு பேர்தான் இருக்கணும். இன்னொண்ணு, கையெழுத்து நல்லா இருக்குன்னு எப்பவும் ஒரே பொண்ணுகிட்ட நோட்டைத் தள்ளிவிடுறது எல்லா ஊர்லயும் நடக்குது. பொறுப்புகளை மூணு மாசத்துக்கு ஒரு தடவை மாத்துங்க. நல்லாப் பேசுறவனையே திரும்பத் திரும்பத் தலைவராக்கினா, ஒருத்தனுக்குத்தான் பயிற்சி, மத்தவங்க கைதட்டத்தான் பழகுவாங்க.

காசு ஒருத்தர்கிட்ட, கணக்கு இன்னொருத்தர்கிட்ட. கூட்டம் முடியும்போது எல்லார் முன்னாடியும் சத்தமா எண்ணி, நோட்டோட ஒப்பிடணும். நம்பிக்கை இல்லாம இதைச் செய்யல. பத்து ரூபா குறைஞ்சா அன்னைக்கே தெரிஞ்சுடும், மூணு மாசம் கழிச்சு நட்பு கெடாது.

வேலை முடிஞ்ச அன்னைக்கே, அங்கேயே உக்காந்து 15 நிமிஷம் பேசுங்க. என்ன நடந்துச்சு? ஏன் அப்படி நடந்துச்சு? அடுத்த தடவை எதை மாத்தணும்? இந்த மூணு கேள்விதான். 'யாரோட தப்பு'ன்னு ஆரம்பிச்சா எல்லாரும் வாயை மூடிக்குவாங்க. அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போட்டா 'நல்லாப் போச்சு'ன்னு ஒரே வரியில முடிச்சுடுவாங்க. பாதிப் பாடம் இந்த 15 நிமிஷத்துலதான் இருக்கு, ஆனா நேரமாச்சுன்னு முதல்ல வெட்டுறதும் இதைத்தான்.

பெரியவங்களுக்கு ஒரு வார்த்தை. ரோஜர் ஹார்ட்னு ஒரு ஆய்வாளர், 1992ல யுனிசெஃப் வெளியிட்ட கட்டுரையில, சின்னவங்களோட பங்கேற்பை எட்டுப் படி ஏணியா வச்சுக் காட்டினாரு. கீழ்ப்படி மூணு, பொம்மை மாதிரி ஆட்டி வைக்கிறது, அலங்காரத்துக்கு நிறுத்துறது, பேருக்குச் சேர்த்துக்கிறது. இதெல்லாம் பங்கேற்பே இல்லைங்கிறாரு. உங்க குழு எந்தப் படியில நிக்குதுன்னு பார்க்க ஒரு கேள்வி போதும்: பசங்க 'இது வேண்டாம்'னு சொன்னா திட்டத்தை நிறுத்துவீங்களா?

சோதிச்சுப் பார்க்க இன்னொரு வழியும் இருக்கு. நாலாவது கூட்டத்துக்குச் சொல்லாமக் கொள்ளாம பத்து நிமிஷம் லேட்டாப் போங்க. ஆரம்பிச்சிருந்தா சத்தம் போடாமப் பின்னாடி உக்காந்துக்கோங்க. எல்லாரும் வாசல்லயே நின்னா, சாவி யார்கிட்ட இருக்குன்னு பாருங்க. பெரும்பாலும் உங்க பையிலதான் இருக்கும்.