வௌவால் ரத்தமும் டிபி மாத்திரையும்

வணக்கம். விடியற்காலை காசிமேட்டு மீன் ஏலத்துக்கு எழ வேண்டியவர்கள் நிறையப் பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள், அதனால் சுற்றி வளைக்காமல் வௌவாலுக்கே வந்துவிடுகிறேன். ஆஸ்துமாவுக்கு வௌவால் கறி நல்லது என்று இன்னமும் சொல்கிறார்கள். மூச்சு வாங்காமல் ராத்திரியில் அவ்வளவு தூரம் பறக்கிற பிராணி, அதன் ரத்தத்தில் ஏதோ இருக்கும் என்று கணக்கு. கணக்கு பாதி சரி. ரத்தத்தில் விஷயம் இருக்கிறது, ஆனால் நம்மிடம் இல்லாத விஷயம் எதுவும் இல்லை.

ரத்தத்தில் ஆக்ஸிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபின் நான்கு புரதச் சங்கிலிகள் சேர்ந்தது. இரண்டு ஆல்ஃபா, இரண்டு பீட்டா. ஒவ்வொன்றிலும் ஒரு ஹீம், அதன் நடுவில் ஓர் இரும்பு அணு, அதில்தான் ஆக்ஸிஜன் ஒட்டுகிறது. ஒன்று ஒட்டியதும் மொத்த மூலக்கூறும் கொஞ்சம் திரும்பிக்கொள்வதால் அடுத்தடுத்தவை சுலபமாக ஒட்டும். நுரையீரலில் நிறைய ஏற்றிக்கொண்டு தசையில் மளமளவென்று இறக்க முடிவது இதனால்தான். எக்ஸ்ரே வைத்து இந்த வடிவத்தைக் கண்டறிந்த மேக்ஸ் பெரூட்ஸுக்கு 1962-ல் நோபல் பரிசு கிடைத்தது. அவர் முதலில் பார்த்தது குதிரையின் ஹீமோகுளோபினை. அதே அமைப்புதான் நமக்கும், வௌவாலுக்கும். சங்கிலியில் அங்கங்கே அமினோ அமிலம் மாறும், அவ்வளவுதான். அப்புறம் எப்படிப் பறக்கிறது? நமக்கு 100 மில்லி ரத்தத்தில் சுமார் 13 முதல் 17 கிராம் ஹீமோகுளோபின் என்றால், பல வௌவால்களுக்கு அதைவிடக் கூடுதல். சிவப்பணுக்கள் சின்னவை, எண்ணிக்கையில் அதிகம், உடம்பு அளவுக்கு இதயமும் நுரையீரலும் பெரியவை. கறியாகத் தின்றால் இதில் எதுவும் நமக்கு வராது, மற்ற புரதம் மாதிரி அதுவும் வயிற்றில் உடைந்துபோகும். ஆஸ்துமாவில் சுருங்குவது மூச்சுக்குழாய், ரத்தத்தில் குறையே இல்லை. பழந்தின்னி வௌவாலில் நிபா வைரஸ் இருக்கலாம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது மாத்திரை. அடிப்படை வேலைகளில் பாக்டீரியாகூட நமக்குத் தூரத்துச் சொந்தம்தான். அப்படியிருக்க, நம்மை விட்டுவிட்டு அதை மட்டும் கொல்கிற மருந்து எப்படிச் சாத்தியம்? எனக்கு வௌவாலைவிட இதுதான் பெரிய அதிசயம். டிபி மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும், ரத்தமோ என்று பயந்துவிடுவார்கள். அது மாத்திரையில் இருக்கும் ரிஃபாம்பிசின் என்ற மருந்தின் நிறம், பயம் வேண்டாம். மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியா தயாரிக்கிற பொருளை லேசாக மாற்றிச் செய்த மருந்து. டிஎன்ஏவை ஆர்என்ஏவாகப் படியெடுக்கிற நொதி கிருமிக்கும் உண்டு, நமக்கும் உண்டு. ஆனால் ரிஃபாம்பிசின் போய் உட்காரத் தோதான பள்ளம் கிருமியின் நொதியில்தான் இருக்கிறது.

எல்லா மருந்துக்கும் வித்தியாசம் இவ்வளவு சுத்தமாக அமைவதில்லை. 1943-ல் அமெரிக்காவில் செல்மன் வாக்ஸ்மன் என்ற விஞ்ஞானியின் ஆய்வுக்கூடத்தில் ஆல்பர்ட் ஷாட்ஸ் இன்னொரு மண் பாக்டீரியாவிலிருந்து எடுத்த ஸ்ட்ரெப்டோமைசின் என்ற டிபி ஊசி மருந்து, கிருமிக்குள் புரதம் செய்கிற ரைபோசோமைப் பிடித்து, புரதத்தைத் தப்பும் தவறுமாகச் செய்ய வைக்கும். நம் ரைபோசோம் வேறு. ஆனால் நம் செல்லுக்குள் சக்தி தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியா ஒரு காலத்தில் தனியாகத் திரிந்த பாக்டீரியாவின் வம்சம், அதன் ரைபோசோமில் அந்த ஜாடை இன்னும் இருக்கிறது. சிலருக்கு அம்மா வழியில் வரும் ஒரே ஒரு டிஎன்ஏ எழுத்து மாற்றத்தால் ஜாடை இன்னும் கூடிவிடும், மருந்து அதையும் பிடித்துக்கொள்ளும், அவர்களுக்குச் சில ஊசிகளிலேயே காது போகலாம். அந்தக் காலத்தில் டிபி ஊசி போட்டுக் காது மந்தமானவர்கள் உங்கள் வீட்டுப் பெரியவர்களிலேயே இருக்கக்கூடும்.

கிருமியும் சும்மா இருப்பதில்லை. ரிஃபாம்பிசின் பள்ளத்தில் ஓர் அமினோ அமிலம் மாறினாலே மருந்து ஒட்டாமல் போகலாம். அரசு ஆஸ்பத்திரியில் சிபிநாட் என்று சொல்கிறார்களே, அந்தப் பரிசோதனை சுமார் 2 மணி நேரத்தில் சளியில் தேடுவது டிபி கிருமியையும் அந்த மாற்றத்தையும்தான். அதனால் சளி கேட்டால் வாயில் இருக்கும் எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிட்டு வராதீர்கள், ஆழமாக இருமி நெஞ்சிலிருந்து வருகிற சளிதான் வேண்டும்.