வெங்காயம் யாரிடமும் கை நீட்டவில்லை

நடுவர் அவர்களே, வணக்கம். மாணவர்களின் நையாண்டிப் பத்திரிகைக்குப் பல்கலைக்கழகப் பணம் வேண்டுமா, வேண்டாமா? வேண்டாம் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

எதிரணி அம்மா, அமெரிக்காவில் சான் டியேகோவின் கலிபோர்னியா பல்கலைக்கழகத்து மாணவர்களின் 'கோலா' நையாண்டிப் பத்திரிகையைத் தூக்கிக்கொண்டு வந்தார். 2015 நவம்பரில் அது 'பாதுகாப்பான இடம்', அதாவது மனத்தைப் புண்படுத்தும் பேச்சு இல்லாத இடம், கேட்கும் மாணவர்களைக் கிண்டல் செய்தது. கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் சொல்லையும் அச்சிட்டது. நிர்வாகம் கண்டித்தது. மாணவர் பேரவை எல்லா மாணவர் அச்சு இதழ்களுக்குமே பணத்தை நிறுத்தியது. கோலா வழக்குப் போட்டது; கீழ் நீதிமன்றம் தள்ளியது. அது தவறு என்று 2019இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. "பார்த்தீர்களா, நீதிமன்றமே எங்கள் பக்கம்!" என்று அம்மா மேசையைத் தட்டினார்.

சரி, தட்டட்டும். நடுவில் போன நாலு வருஷத்தை யார் திருப்பித் தருவார்? அதற்குள் ஒரு பிள்ளை சேர்ந்து, படித்து, பட்டமும் வாங்கிப் போய்விடும். வம்புதும்புக்குப் போகாத மற்ற இதழ்கள் என்ன பாவம் செய்தன? இன்னொன்று, பேரவை கொடுக்கும் பணம் மாணவர்கள் கட்டிய காசு. திட்டு வாங்கிய பிள்ளையும் அதில் பங்கு கட்டியிருக்கிறது. என்னைத் திட்ட நானே காசு கொடுக்கணுமா, நடுவர் அவர்களே?

இப்போது மேடிசனுக்கு வாருங்கள். 1988இல் விஸ்கான்சின் பல்கலைக்கழக மாணவர்கள் டிம் கெக், கிறிஸ்டோபர் ஜான்சன் இருவரும் 'தி ஆனியன்' என்ற நையாண்டிப் பத்திரிகையைத் தொடங்கினார்கள். ஆமாம், வெங்காயம்தான். (பெரியார் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பில்லை.) பக்கத்தின் கீழ் 3 அங்குலம் முழுக்கக் கூப்பன்: மலிவுச் சாப்பாட்டுக் கடை, வீடியோ வாடகைக் கடை. கத்தரித்துக் கொண்டுபோனால் தள்ளுபடி. பல்கலைக்கழகக் காசு இல்லை, கடைக்காரரின் விளம்பரக் காசு. மேலே படித்துச் சிரிப்பு வரவில்லையா, கீழே வயிறாவது நிறையும்!

"கடைக்காரர் மிரட்ட மாட்டாரா?" என்றார் அம்மா. மிரட்டுவார். ஒரு கடை போனால் அடுத்த தெருவில் இன்னொரு கடை. மாணவர் பேரவைக்கு அடுத்த தெருவில் எது இருக்கிறது?

ஒஹாயோவில் ஒருவர் ஊர்ப் போலீஸைக் கேலி செய்து போலி ஃபேஸ்புக் பக்கம் திறந்து கைதானார். அவருக்காக 2022இல் இதே வெங்காயம் உச்ச நீதிமன்றத்துக்கு மனு கொடுத்தது, அதையும் நையாண்டியாகவே எழுதி. அப்போது அது மாணவர் பத்திரிகை இல்லை, பெரிய நிறுவனம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கோலா கோர்ட்டுப் படி ஏறியது நின்றுபோன தன் காசுக்காக. வெங்காயம் ஏறியது அடுத்தவர் வாய்க்காக. நடுவர் மணியில் கை வைத்துவிட்டார், உட்கார்ந்துவிடுகிறேன்.