நாலு நாள், ஒரே விஷயம்

வணக்கம் மக்களே. டைரி எழுதினால் மனசு லேசாகும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எழுதி முடித்த அன்றைக்கே லேசாகாது. சில நாள் கனம் கூடவும் செய்யும். பாதிப் பேர் அங்கேதான் நோட்டை மூடி வைத்துவிடுகிறார்கள், அதனால்தான் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவில் ஜேம்ஸ் பென்னிபேக்கர் என்று ஓர் உளவியல் பேராசிரியர். 1986-இல் வெளிவந்த அவருடைய ஆய்வில், கல்லூரி மாணவர்கள் நாலு நாள் தொடர்ந்து தினம் 15 நிமிஷம் எழுதினார்கள். சிலர் தங்களை ரொம்பப் பாதித்த விஷயத்தை எழுதினார்கள், சிலர் ஏதோ சாதாரணத் தலைப்பில். மனக்காயத்தை உணர்ச்சியோடு எழுதியவர்கள் அன்றன்று சோர்ந்துதான் போனார்கள். ஆனால் நடந்ததையும் அதனால் மனசு பட்ட பாட்டையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்த சில மாதங்களில் உடம்புக்கு முடியவில்லை என்று கல்லூரி மருத்துவ மையத்துக்குப் போனது மற்றவர்களைவிடக் குறைவு. நடந்ததை மட்டும் எழுதியவர்களுக்கு அந்தப் பலன் கிடைக்கவில்லை.

நான் சொல்வது, நாலு நாளும் ஒரே விஷயத்தையே எழுதுங்கள் என்று. ஏன் ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்ப எழுத வேண்டும்? என் நோட்டையே காட்டுகிறேன். ஆபீஸ் மீட்டிங்கில் ஒருவர் எல்லார் முன்னாடியும் என்னை வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். முதல் நாள் பக்கம் முழுக்க அவரைத் திட்டித் தீர்த்திருக்கிறேன். பேனாவை அழுத்திய அழுத்தில் பின்பக்கம் மேடு தட்டியிருக்கிறது, பாருங்கள். மறுநாளும் அதே புலம்பல்தான். மூன்றாவது நாள், நடுவில் ஒரு வரி: 'பக்கத்து சீட்காரி தலையைக் குனிந்து பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தாள்.' தினமும் என்னோடு டீக்குப் போகிறவள். அவள் ஒரு வார்த்தை பேசாததுதான் எனக்கு வலித்திருக்கிறது. அந்த மனிதரைத் திட்டி எத்தனை பக்கம் நிரப்பினாலும் ஆறியிருக்காது. நாலாவது நாள் எழுதியது அவளிடம் என்ன கேட்பது என்றுதான். கேட்டும் விட்டேன். பயந்துவிட்டேன் என்றாள். சரி, அது புரிகிற காரணம்.

எந்த நோட்டானாலும் சரி, எழுத்துப் பிழை பார்க்காதீர்கள், யாருக்கும் காட்டவும் வேண்டாம். படுக்கப் போகிற நேரத்தில் மட்டும் இந்த மாதிரி கனமானதைத் தொடாதீர்கள். அப்போது நாளைக்கு என்னென்ன வேலை என்று எழுதி வைத்தால் போதும். அப்புறம், எழுத எழுதத் தாங்க முடியாமல் போனால், அந்த விஷயத்தை அப்படியே விட்டுவிட்டு நல்ல மனநல ஆலோசகரைப் பாருங்கள்.