இருதலைக் கொள்ளி எறும்பு: யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது?

(திரையில்: இரண்டு முனையும் எரியும் ஒரு குச்சி, நடுவில் ஓர் எறும்பு)

வணக்கம். ரெண்டு கம்பெனியில் வேலை கிடைத்திருக்கிறது, எதில் சேருவதென்று தெரியாமல் இருதலைக் கொள்ளி எறும்பாகத் தவிக்கிறேன் என்று ஒருவர் ஸ்டேட்டஸ் போடுகிறார். ஐயா, அதற்குப் பெயர் அதிர்ஷ்டம்! வேண்டுமானால் மதில் மேல் பூனை என்று சொல்லிக்கொள்ளுங்கள், பூனை எந்தப் பக்கம் குதித்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது.

எறும்பின் பாடு அப்படியில்லை. கொள்ளிக்கட்டை, கொள்ளி வைப்பது என்கிறோமே, அதே கொள்ளிதான் இது. கட்டையின் இரண்டு முனையிலும் தீ (எறும்புக்குத்தான் இரண்டு தலை என்று நினைத்துக்கொண்டிருப்பவர்களும் உண்டு). இந்தப் பக்கம் ஓடினால் சுடுகிறது, திரும்பி அந்தப் பக்கம் ஓடினாலும் சுடுகிறது, சரி, நடுவிலேயே கிடப்போம் என்றால் தீ அங்கேயும் நெருங்கி வந்துகொண்டே இருக்கிறது. சும்மா இருந்தாலும் ஆபத்து என்பதும் சேர்ந்தால்தான் உவமை முழுசாகப் பொருந்தும் என்பது என் கட்சி.

தீபாவளி சமயத்து சூப்பர்வைசரை எடுத்துக்கொள்ளுங்கள். "நீங்கதான் முதலாளிகிட்ட பேசி போனஸ் வாங்கித் தரணும்ணே" என்று ஆட்கள் சூழ்ந்துகொள்கிறார்கள். "பத்து பைசா கூட்ட முடியாது, நீயே சொல்லிச் சமாளி" என்கிறார் முதலாளி. ஆட்களுக்காகப் பேசினால் தன் வேலைக்கு ஆபத்து, முதலாளிக்காகப் பேசினால் நாளைக்கு மெஷின் ஓடாது, வாயே திறக்காவிட்டால் ரெண்டு பக்கமும் கெட்ட பெயர். இவர்தான் அசல் எறும்பு.

உவமைக்கு வயதும் அதிகம். சங்க இலக்கியத்திலேயே இருக்கிறது, அகநானூறு 339, பாடியவர் நரைமுடி நெட்டையார். பொருள் தேடப் புறப்பட்ட தலைவனுக்குத் தலைவியை விட்டுப் போகவும் மனமில்லை, பயணத்தைக் கைவிடவும் முடியவில்லை, தன் நெஞ்சிடமே புலம்புகிறான்:

(திரையில்: "இருதலைக் கொள்ளி இடைநின்று வருந்தி / ஒருதலைப் படாஅ உறவி போன்றனம்")

உறவி என்றால் எறும்பு. எந்தப் பக்கமும் போய்ச்சேர முடியாத எறும்பு. 'போன்றேன்' என்றுகூடச் சொல்லவில்லை பாருங்கள், 'போன்றனம்' என்கிறான், நெஞ்சையும் துணைக்குச் சேர்த்துக்கொண்டு! பின்னால் வந்த மாணிக்கவாசகரும் திருவாசகத்தின் நீத்தல் விண்ணப்பத்தில், உன்னைப் பிரிந்து "இருதலைக் கொள்ளியின் உள்ளெறும்பு ஒத்து" கிடக்கிறேன், என்னை விட்டுவிடாதே என்று உத்தரகோசமங்கை இறைவனிடம் முறையிடுகிறார்.

அப்புறம், எழுதும்போது குண்டு 'ள' போடுங்கள். 'இருதலைக் கொல்லி எறும்பு' என்று எழுதுகிறவர்கள் நிறையப் பேர், அது எறும்புக்கு மருந்தடிக்கிற கதை.