"சரியாகிவிட்டேன்" என்று சொல்லும் பிள்ளைகள்

அனைவருக்கும் வணக்கம். பெற்றோர் நிறையப் பேர் வந்திருக்கிறீர்கள். உங்களிடமே நேராகப் பேசுகிறேன்.

மகன் ஒருநாள், "எனக்குப் பையன்களைத்தான் பிடிக்கிறது" என்கிறான். அல்லது மகள் என்று நினைத்து வளர்த்த பிள்ளை, "நான் பெண் இல்லை" என்கிறது. உங்களுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்போது யாரோ வந்து, "கவலைப்படாதீர்கள், மாற்றிவிடலாம்" என்கிறார். பிள்ளையின் ஈர்ப்பையோ பாலின உணர்வையோ மாற்றுவதாகச் சொல்லும் இந்தச் "சிகிச்சை"க்குப் பெயர் கன்வெர்ஷன் தெரபி. அது உங்கள் வீட்டுக்குள் வருவது அப்படித்தான்.

முன்பு இதை மருத்துவர்களே செய்தார்கள். ஆண் படத்தைத் திரையில் காட்டி, அதே நொடியில் மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். வாந்தி வரவைக்கும் மருந்தைக் கொடுத்தார்கள். இப்போது பெரும்பாலும் வெறும் பேச்சு, பிரார்த்தனை. பேச்சுதானே, என்ன கெட்டுவிடும் என்று நினைக்காதீர்கள். "உன் அப்பா உன்னிடம் ஒட்டவில்லை, அதனால்தான் இப்படி" என்று சொல்லி முதலில் வீட்டைப் பிரிப்பார்கள். மாற்றம் வராதபோது, "நீ மனதார முயற்சி செய்யவில்லை" என்பார்கள். தோற்றது சிகிச்சை, பழி பிள்ளைக்கு. வாரா வாரம் இதைக் கேட்கிற பதினாறு வயதுப் பிள்ளை, தன்னிடம்தான் ஏதோ கெட்டுக் கிடக்கிறது என்று நம்பத் தொடங்கும். மனச்சோர்வும் தற்கொலை எண்ணமும் இதற்கு ஆளானவர்களிடம் கூடுதலாக இருப்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன.

சில பிள்ளைகள் ஒரு கட்டத்தில் "சரியாகிவிட்டேன்" என்று சொல்லிவிடுவார்கள். சொன்னால்தானே விடுவார்கள்!

பெரிய நிபுணர்களும் இந்த வார்த்தையை நம்பி ஏமாந்திருக்கிறார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் ராபர்ட் ஸ்பிட்சர், 1973-இல் தன்பாலீர்ப்பை, அதாவது ஆண் ஆணையும் பெண் பெண்ணையும் விரும்புவதை, நோய்ப் பட்டியலிலிருந்து நீக்கப் பாடுபட்டவர். அவரே 2003-இல், தாங்கள் மாறிவிட்டதாகச் சொன்ன 200 பேரிடம் தொலைபேசியில் பேசி, சிலர் மாறியிருக்கலாம் என்று எழுதினார். அவர்கள் சொன்னது உண்மையா என்று சோதிக்க வழியே இருக்கவில்லை. 2012-இல் அதை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். அதற்கு அடுத்த ஆண்டே, மாற்றித் தருவதாகப் பல்லாண்டு சொல்லிவந்த எக்ஸோடஸ் இன்டர்நேஷனல் என்ற மத அமைப்பும் மன்னிப்புக் கேட்டுக் கதவை மூடியது. அதன் தலைவர் ஆலன் சேம்பர்ஸ், தான் சந்தித்தவர்களில் 99.9 சதவீதம் பேர் மாறவில்லை என்று முன்பே சொல்லியிருந்தார். இதைவிட வேறென்ன சாட்சி வேண்டும்?

உலக சுகாதார அமைப்பு 1990-இலேயே தன்பாலீர்ப்பு நோயல்ல என்றது. மால்டா 2016-இல் இந்தச் சிகிச்சையைத் தடைசெய்தது. கனடாவில் 2022 முதல் குற்றம். சென்னை உயர் நீதிமன்றமும் 2021-இல் தடைவிதித்தது.

சரி, பிள்ளைக்கு உதவியே வேண்டாமா? வேண்டும். பயமும் தனிமையும் இருக்கும், பள்ளியில் கேலியும் இருக்கும். ஆலோசகரிடம் போகும்போது முதலிலேயே, "இவனை மாற்ற முடியுமா?" என்று நீங்களே கேளுங்கள். "முடியும்" என்றால், பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்துவிடுங்கள். "மாற்ற ஒன்றுமில்லை, இவன் சரியாகத் தூங்குகிறானா, சொல்லுங்கள்" என்று கேட்பவரிடம் உட்காருங்கள்.